கோப்பெங் தண்ணீர்: ஹீட்டரைக் கெடுப்பது எது?

11 ஜனவரி 2024, ஒரு வாசகியின் கேள்வி

எங்கள் தாமானுக்கு நேற்று ஃபில்டர் விற்க இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கிளாஸில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த கருவியை இறக்கி கரண்ட் கொடுத்தார்கள். ஒரு நிமிடத்தில் எங்கள் தண்ணீர் அல்லூர்த் தண்ணீர் மாதிரி கறுத்துத் திரிந்துவிட்டது. அவர்களுடையது தெளிவாகவே நின்றது. "இதுதான் கடின நீர். உங்கள் வாஷிங் மெஷினும் ஹீட்டரும் இதனால்தான் கெடுகிறது. பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தில் கல் வரும்" என்றார்கள். விலை 3,800 வெள்ளி, தவணையில் கட்டலாம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடலாம் என்கிறார். எங்கள் பாத்ரூம் ஹீட்டர் போன வருஷம் இரண்டு தடவை கெட்டது உண்மைதான். கோப்பெங் தண்ணீர் அவ்வளவு மோசமா, அக்கா?

11 ஜனவரி 2024, இரவு

கையெழுத்துப் போடாதீர்கள், தங்கச்சி. வீட்டுக்காரரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கறுத்தது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அந்தக் கம்பியின் இரும்பு. தண்ணீரில் கொஞ்சமாவது உப்புகள் கரைந்திருந்தால் கரண்ட் ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து, துருவாகத் தண்ணீரில் இறங்கும். அவர்கள் கொண்டுவந்தது உப்பு முழுவதும் நீக்கிய தண்ணீர். அதில் கரண்ட் சரியாக ஓடாது, கம்பி கரையாது, நிறமும் மாறாது. மறுபடி வந்தால் அவர்கள் கிளாஸிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் கறுக்கும்.

கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும். இரண்டும் கரைந்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. பளிங்கு மாதிரி இருக்கும் தண்ணீரிலும் அது நிறைய இருக்கலாம். இதை நான் பணம் கட்டித் தெரிந்துகொண்டேன். நாளைக்கு எழுதுகிறேன், கடையில் துணி கிடக்கிறது.

12 ஜனவரி 2024

கோப்பெங்கில் 14 வருஷமாக டோபி கடை வைத்திருக்கிறேன். பால்மரம் வெட்டுகிறவர்களின் சட்டை, செம்பனைக் குலை ஏற்றுகிறவர்களின் கால்சட்டை, பள்ளிச் சீருடை, ஹோம்ஸ்டே படுக்கை விரிப்பு எல்லாம் வரும். விரிப்புக்கு மட்டும் 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது.

2021 கடைசியில் தண்ணீர் பில் தாங்காமல் கடைக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு போட்டேன். முதல் நாள் வந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். அவ்வளவு குளிர்ச்சி, அவ்வளவு தெளிவு. பில் பாதியானது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது மாதமே துவாலைகள் அப்பளம் மாதிரி விறைக்க ஆரம்பித்தன. வெள்ளைத் துணியில் ஒரு சாம்பல் நிறம் ஏறியது. சோப்புத் தூளைக் கூட்டினேன். அப்புறம் ஒரு நாள் சுடுதண்ணீர் மெஷினைப் போட்டதும் கடை முழுக்கக் கரண்ட் போனது. கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற இஎல்சிபி சுவிட்ச் விழுந்துவிட்டது. ரிப்பேர்காரர் வந்து ஹீட்டர் கம்பியை மாற்றினார். சோப்பு அதிகம் போடுகிறேன் என்றார். நானும் நம்பினேன். ஐந்து மாதம் கழித்து மறுபடி அதே கதை. 14 மாதத்தில் மூன்று கம்பி.

மூன்றாவது தடவை, கழற்றியதைத் தூக்கிப் போட வேண்டாம், என்னிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். சுண்டுவிரல் தடிமன் இருக்க வேண்டிய கம்பி, சுட்ட மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது. மேலே சாம்பலும் மஞ்சளும் கலந்த பொருக்கு. கத்தி முனையால் தட்டினேன். ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. விளிம்பைப் பார்த்தால் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. அடியில் கம்பியின் உறை ஓரிடத்தில் வாய் பிளந்திருந்தது. தண்ணீர் உள்ளே போய் கரண்ட் கசிந்தது அந்த வழியாகத்தான்.

அந்தப் பொருக்கைத் தட்டில் வைத்து வினிகர் ஊற்றினேன். சோடா மாதிரி பொங்கியது. சுண்ணாம்பு. அந்தத் துண்டு இன்னும் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று சொல்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

14 ஜனவரி 2024

வீட்டில் சோதிப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே அளவு போத்தல் மூன்று. ஒன்றில் மழைத் தண்ணீர் (கூரையில் வழிந்தது வேண்டாம், நேராக வாளியில் பிடித்தது), ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் சந்தேகப்படும் கிணற்றுத் தண்ணீர். பாதி பாதி நிரப்புங்கள். கட்டிச் சவுக்காரத்தைச் சீவி, கொஞ்சம் மழைத் தண்ணீரில் கரைத்து, மூன்றிலும் பத்துப் பத்துச் சொட்டு விடுங்கள். மூடி இருபது தடவை குலுக்குங்கள்.

மழைத் தண்ணீரில் நுரை எழும்பி நிற்கும், கீழே தண்ணீர் தெளிவாக இருக்கும். கடின நீரில் நுரை வராது. பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். சோப்பும் கால்சியமும் சேர்ந்து அப்படி ஆகின்றன. என் துவாலையை விறைக்க வைத்ததும், சீருடையில் சாம்பல் நிறம் ஏற்றியதும் அதுதான்.

துணி சோப்புத் தூளிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் இந்தச் சோதனை செய்ய வேண்டாம். அவை கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை, உங்களை ஏமாற்றிவிடும்.

எண் வேண்டும் என்றால் மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் சோதனைத் தாள் கிடைக்கும். நனைத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். என் கடைக் குழாய்த் தண்ணீர் 50 மில்லிகிராமுக்குக் கீழே. கிணறு 250 நிறத்தில் நின்றது. ஒரு லிட்டருக்கு 60 வரை மென்மை, 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது வழக்கமான கணக்கு. மலேசியக் குடிநீர்த் தர வரம்பு 500. ஆகவே என் கிணறு சட்டத்துக்கு நல்ல தண்ணீர், ஹீட்டருக்கு எமன். 250 என்றால் ஆயிரம் லிட்டரில் கால் கிலோ சுண்ணாம்புக் கணக்கு. அத்தனையும் கம்பியில் படியாது. ஆனால் சூடாக்கும் தண்ணீரில் ஒரு பங்கு படிந்தாலே போதும்.

பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். போதாது, தம்பி. கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் அது காட்டும். அதில் சமையல் உப்பு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது.

27 ஜனவரி 2024

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்குப் போய் வந்தோம். பால்குடம் முடிந்து மலையடியில் உட்கார்ந்திருந்தபோது, பாறையிலிருந்து என் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். பசுவின் மடி மாதிரி கல் தொங்கிக்கொண்டிருந்தது.

மகனுக்கு அங்கேயே சொன்னேன், நம் ஹீட்டரில் நடந்ததும் இதேதான் என்று. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த இலேசான புளிப்பு சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது. குகைக்குள் வந்து சொட்டும்போது வாயு பறந்துவிடுகிறது, கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. பத்துமலையிலும், நம் ஊர்ப் பக்கத்து தெம்புரோங் குகையிலும் அப்படித்தான் கல் தொங்குகிறது. அங்கே ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிற வேலையைக் கேத்தல் பத்து நிமிடத்தில் செய்கிறது, ஏனென்றால் சூடு வாயுவை உடனே விரட்டிவிடுகிறது.

கோப்பெங்கில் இரண்டு தண்ணீர் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளுங்கள். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல். அதில் ஓடி வரும் ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, கரைக்கச் சுண்ணாம்பு இல்லை. அந்தக் காலத்து ஈயச் சுரங்கத்துக்கு மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாயில் கொண்டுவந்ததும் அந்த மலைத் தண்ணீர்தான். ஆனால் கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புக் கல். அங்கே துளை போட்டால் வருவது வேறு தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் என் கடைச் சுவர் மட்டும்தான்.

30 ஜனவரி 2024

எந்தச் சாமானுக்கு எவ்வளவு கெடுதல் என்று ஓர் அண்ணன் பட்டியல் கேட்டார். நான் கண்டதைச் சொல்கிறேன், அண்ணே.

நாள் முழுக்கச் சூடாகவே வைத்திருக்கும் ஏர்பாட்தான் முதலில் போகும். 90 டிகிரிக்கு மேல் இருபத்து நான்கு மணி நேரமும் நின்றால் பொருக்கு வராமல் என்ன செய்யும்? அடுத்தது கேத்தல், ஸ்டீம் அயர்ன். அயர்னின் அடி ஓட்டைகள் அடைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் சாக்பீஸ் பொடி மாதிரி துப்பும்.

வீட்டு வாஷிங் மெஷின்? நம்மில் பெரும்பாலோர் மேலே திறக்கிற மெஷினில் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறோம். சூடே இல்லாத இடத்தில் கல் படிவது மிகக் குறைவு. துணிதான் விறைக்கும், மெஷின் அவ்வளவு கெடாது. முன்பக்கம் திறக்கிற மெஷினில் சுடுதண்ணீர் போடுகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்.

பாத்ரூம் ஹீட்டர் தண்ணீரை 40 டிகிரி சுற்றித்தான் சூடாக்குகிறது. குழாய்த் தண்ணீர் வரும் தாமான் வீட்டில் அது சுண்ணாம்பால் கெடுவதை நான் பார்த்ததே இல்லை. தங்கச்சி, உங்கள் ஹீட்டரில் தண்ணீர் நுழையும் இடத்தில் விரல் நுனி அளவு வலை ஒன்று இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் வால்வை மூடிவிட்டு அதைக் கழற்றிப் பாருங்கள்.

1 பிப்ரவரி 2024

தங்கச்சி படம் அனுப்பியிருக்கிறார். வலை முழுக்கச் செம்மண்ணும் துருத் துகளும், நடுவில் ஒரு துண்டு வெள்ளை டேப். பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினாராம். ஹீட்டர் வேலை செய்கிறது. 3,800 வெள்ளி வீட்டிலேயே இருக்கிறது.

மண், துரு இரண்டும் கடினத்தன்மை இல்லை. அது பழைய குழாய்களின் பிரச்சினை. குழாய் உடைந்து சரிசெய்த மறுநாள் தண்ணீர் தே ஓ நிறத்தில் வருமே, அதுதான். வாசலில் வைக்கிற மணல் ஃபில்டர் இதற்கு உதவும். ஆனால் அந்த ஃபில்டர் சுண்ணாம்பை எடுக்காது. கரி ஃபில்டர் குளோரின் வாசனையை எடுக்கும், அதுவும் சுண்ணாம்பை எடுக்காது. நோய் எது என்று தெரியாமல் மருந்து வாங்கினால் இரண்டு நோயும் அப்படியேதான் இருக்கும்.

4 பிப்ரவரி 2024, திருத்தம்

பொருக்குப் பிடித்தால் கரண்ட் பில் தாறுமாறாக ஏறும் என்று ஒரு தம்பிக்குப் பதில் எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஐயா ஒருவர் அதைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி.

கம்பி தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருந்தால், அது வாங்குகிற மின்சாரம் முழுவதும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. ஆகவே பில் பெரிதாக ஏறாது. ஏறுவது கம்பியின் சூடு. சுண்ணாம்பு சூட்டைச் சரியாகக் கடத்தாது. கம்பி தன் சூட்டைத் தண்ணீரிடம் தள்ள முடியாமல் தானே கொதித்து, உறை வெடிக்கிறது. கம்பளி போர்த்தி வெயிலில் உட்கார வைத்த மாதிரி என்றார் ஐயா.

எரிவாயு அடுப்பில் வைத்த கேத்தலுக்கும் பாய்லருக்கும் கணக்கு வேறு. அங்கே சூடு வெளியிலிருந்து வருகிறது. உள்ளே பொருக்கு தடுத்தால் சூடு பக்கவாட்டில் வீணாகிப் போகும், வாயுச் செலவு கூடும். கோப்பிக்கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் மின்சார பில் ஏறியது உண்மை. யோசித்துப் பார்த்தால், சாம்பல் நிறம் போகவில்லை என்று விரிப்புகளை இரண்டு தடவை துவைத்ததுதான் காரணம்.

13 பிப்ரவரி 2024

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். தோட்டத்து லயத்தில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. மற்றவர்கள் எல்லாம் தாமானுக்கு வந்துவிட்டார்கள். அங்கே இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் பெருநாள் விடுமுறையில் போனேன். சுண்ணாம்புக் கல் மலையடியில் வீடு, பின்னால் கிணறு. குழாய் எப்போதாவதுதான் வரும், வந்தாலும் நூலாக வரும்.

பெரியம்மா பருப்பை அடுப்பில் வைத்தார். ஒரு மணி நேரம் ஆனது. கரண்டியால் எடுத்து நசுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக நறுக்கென்று இருக்கிறது. "இந்தப் பருப்பு பழசும்மா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று திட்டிக்கொண்டே சோடா உப்பைப் போட்டார். பருப்பு குழைந்தது, ஆனால் அந்தச் சோடா வாசம்.

பருப்பின் மேல் பழி போட வேண்டாம். கடின நீரின் கால்சியம் பருப்பின் தோலிலும் சதையிலும் இருக்கிற பசைப் பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது, அதனால் மசியாது. ஊரில் பாட்டிமார் "உப்புத் தண்ணியில பருப்பு வேகாது" என்று கிணற்றை வைத்தே சொல்வார்கள். சமையலுக்குத் தனிக் கிணறு, துவைக்கத் தனிக் கிணறு என்று பிரித்து வைத்திருந்தது அதனால்தான். கடல் தாண்டி வந்த பிறகு அந்த வார்த்தை மட்டும் நம்மிடம் இருக்கிறது, கிணற்றைப் பார்க்கும் கண் போய்விட்டது.

அவர் போட்ட தே ஓ ஆறியதும் மேலே மெல்லிய ஏடு கட்டியது. கிளாஸை ஆட்டினால் ஏடு விரிசல் விட்டு, எண்ணெய் மாதிரி மின்னியது. அதுவும் கால்சியம்தான். தேயிலைச் சத்தோடு சேர்ந்து காற்றுப் பட்டதும் படலமாகிறது. ஒரு துளி எலுமிச்சை விட்டேன், போய்விட்டது.

கேத்தலைத் திறந்து பார்த்தேன். நான் அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

2 மார்ச் 2024

பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. கடையில் வெள்ளைச் சட்டையாகக் குவிந்திருக்கிறது. பழைய சீருடையின் சாம்பல் நிறத்தை எடுக்க முடியுமா என்று தாய்மார் கேட்கிறார்கள்.

முடியும். துணி சோடா (சமையல் சோடா இல்லை, சலவைக்கு விற்கிற சோடா) ஒரு கைப்பிடியைச் சுடுதண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். சோடா தண்ணீரில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சோப்பு தன் வேலையைச் செய்யும். கடைசி அலசலில் ஒரு கரண்டி வினிகர் விட்டால் துணி மெத்தென்று வரும்.

கேத்தலுக்கு சிட்ரிக் அமிலம். கேக் சாமான் விற்கிற கடையில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி போட்டு, சூடாக்கி அணைத்துவிட்டு, அரை மணி நேரம் விடுங்கள். பொருக்கு தானாகக் கழன்று அடியில் நிற்கும். இரண்டு தடவை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். எலுமிச்சையும் புளியும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மெதுவாக. பழைய அலுமினியக் கேத்தலில் புளிப்பை இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், உலோகத்தையும் தின்னும். மொசைக் தரையில் சிந்தினால் உடனே துடையுங்கள். மொசைக்கும் பளிங்கும் சுண்ணாம்புக் குடும்பம்தான், பளபளப்பு போய்விடும்.

கத்தியாலும் இரும்பு நாராலும் சுரண்டாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த பொருக்கு முதலில் பிடிக்கும்.

3 மார்ச் 2024

நேற்று எழுத மறந்தது, இதுதான் முதலில் எழுதியிருக்க வேண்டும். வினிகரையோ சிட்ரிக் அமிலத்தையோ வெளுப்பு மருந்தோடு (பிளீச்) ஒருபோதும் கலக்காதீர்கள். ஒன்றைப் போட்டு முழுக்க அலசாமல் இன்னொன்றைப் போடவும் கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் நடந்தால் உயிருக்கு ஆபத்து. என் கடையில் இரண்டும் வேறு வேறு அலமாரியில் இருக்கின்றன.

17 மார்ச் 2024

கல் விஷயம். விற்பனைக்காரர் "பிள்ளைகளுக்குக் கல் வரும்" என்று பயமுறுத்தியதை நான் அப்படியே விட்டுவிட்டேன், நான்கு பேர் அதையே கேட்கிறீர்கள்.

கேத்தலில் கல் படிகிறதே, உடம்பிலும் படியாதா என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் சிறுநீரகம் கேத்தல் இல்லை, அங்கே யாரும் தண்ணீரைக் கொதிக்கவைப்பதில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்கு வேண்டிய சத்து. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை வைத்து எந்த வரம்பும் வைக்கவில்லை. கல் வருவதற்குத் தண்ணீர் போதுமான அளவு குடிக்காததே பெரிய காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். வெயிலில் குலை வெட்டுகிறவர்களுக்கு அதுதான் நடக்கிறது. தண்ணீருக்குப் பயந்து குடிப்பதைக் குறைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கல் உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும், ஃபில்டர் விற்கிறவரை இல்லை.

21 ஏப்ரல் 2024

கிணற்றை மூடிவிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. கடன் வாங்கிப் போட்ட கிணறு.

முதலில் குழாயைச் சுற்றிக் காந்தம் மாட்டினேன். ஒருவர் சத்தியம் செய்து விற்றார். ஆறு மாதம் இருந்தது. கம்பி அதே வேகத்தில் பொருக்குப் பிடித்தது. காந்தம் தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை, சோதனைத் தாளும் அதே 250ஐத்தான் காட்டியது.

இப்போது மென்மையாக்கும் தொட்டி வைத்திருக்கிறேன், பழையது, மூடிப்போன ஒரு சலவைக் கடையிலிருந்து வாங்கினேன். உள்ளே மீன்முட்டை மாதிரி பழுப்பு நிறப் பிசின் மணிகள். தண்ணீர் அவற்றின் வழியே போகும்போது மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலை ஓட்டினால் கால்சியம் வெளியே வந்து, மறுபடி வேலைக்குத் தயாராகும். வாரத்துக்கு ஒரு மூட்டை உப்பு ஆகிறது.

இரண்டு விஷயம் கவனித்தேன். கிணற்றில் இரும்பு இருந்தால் மணிகள் துருப்பிடித்த மாதிரி அடைத்துச் செத்துவிடும், முதலில் இரும்பை எடுக்க வேண்டும். என் கிணற்றில் நல்ல வேளையாக இரும்பு அதிகம் இல்லை. கிளந்தானில் இருக்கும் என் நாத்தனார் வீட்டு நிலத்தடித் தண்ணீருக்கு இந்தத் தொட்டி மட்டும் வைத்தால் வீண்தான், வாளி ஒரே நாளில் செம்மஞ்சளாகும். இரண்டாவது, இந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு எடுக்கவில்லை. 250 கடினத்தை எடுத்தால் லிட்டருக்குச் சுமார் 115 மில்லிகிராம் சோடியம் சேருகிறது. ரத்த அழுத்தக்காரர்கள் இருக்கும் வீடு எங்களுடையது. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர்தான்.

இது டோபி கடைக்கு. தாமான் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். 50க்குக் கீழே இருக்கும் தண்ணீரை இன்னும் மென்மையாக்கி என்ன செய்யப் போகிறீர்கள்? அளவுக்கு மீறி மென்மையாக, கொஞ்சம் புளிப்பாகவும் இருக்கும் தண்ணீர் செம்புக் குழாயை அரிக்கும். கை கழுவும் தொட்டியில் பச்சை நீலக் கறை விழுந்தால் அதுதான்.

26 மே 2024

கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். தொட்டி வைத்து ஐந்து வாரம். உலோகம் உலோகமாகவே இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் மெல்லிய வெள்ளைத் தூசி, விரலால் துடைத்தால் வந்துவிட்டது. ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு "சோப்பைக் குறைச்சிட்டீங்க போல" என்றார். உண்மையில் பாதியாகக் குறைத்துவிட்டேன், ஆனால் காரணமும் விளைவும் அவர் சொல்கிற வரிசையில் இல்லை. கல்லாப்பெட்டியைத் திறந்து பழைய துண்டைக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிறிய துண்டு உடைத்துத் தரச் சொன்னார், கொடுத்தேன்.

9 ஜூன் 2024

பெரியம்மா வீட்டுக்கு மழைத் தண்ணீர் டிரம் ஒன்று வைத்தோம், நானும் மகனும். கூரைத் தண்ணீர் என்பதால் முதல் பத்து நிமிட மழையை வெளியே விட ஒரு குழாய். வாயில் நெருக்கமான வலை, கொசு முட்டையிடக் கூடாது, டெங்கி இருக்கிற ஊர். மூடியும் உண்டு. இது துவைக்கவும் ஹீட்டருக்கும்தான். சமையலுக்கு வாரம் இரண்டு தடவை கடையிலிருந்து குழாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறேன், நான்கு தோம்பு.

நேற்று அதே கடையில் வாங்கிய அதே பருப்பு. முப்பத்தைந்து நிமிடம். பெரியம்மா கரண்டியால் நசுக்கிப் பார்த்தார், மறுபடி நசுக்கினார். சோடா டப்பாவை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். திங்கட்கிழமை அழைத்துக்கொண்டு போகிறேன்.